லோ பெட் பிரேக்: பெடலை நம்பாதீங்க, அடியில் படுத்துப் பாருங்க

தருமபுரி பக்கமிருந்து இருபது டன் ஹிட்டாச்சியை (மண் தோண்டும் மெஷின்) லோ பெட்டில், அதாவது தாழ்வான ட்ரெய்லரில், ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு வருகிறவர்களிடம் தொப்பூர் மலைப்பாதை இறக்கத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. (ஏற்காட்டில் வேலை வந்தால் அடிவாரத்திலேயே மெஷினை இறக்கிச் சின்ன லாரிக்கு மாற்றிவிடுவோம். அந்த இருபது கொண்டை ஊசியில் லோ பெட்டை ஒடித்துத் திருப்புவது வேண்டாத வேலை.) ஒருமுறை எங்கள் வண்டி தொப்பூரில் பாதி இறக்கத்திலேயே புகைந்தது. பெடல் எப்போதும்போல இருந்தது, கேஜிலும் காற்று நிறைய இருந்தது. ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால், ட்ரெய்லரின் ஆறு பிரேக்கில் இரண்டு பெயருக்குத்தான் இருக்கிறது, அதன் வேலையையும் சேர்த்து இழுத்த மற்ற நான்கும் கொதிக்கிறது. அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு பட்டறையில் "எல்லாம் பார்த்தாச்சு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆயில் பிரேக் என்றால் கோளாறு காலிலேயே தெரிந்துவிடும், பெடல் கீழே இறங்கும். ஏர் பிரேக்கில் அப்படி இல்லை, பின்னால் பாதி பிரேக் பிடிக்காவிட்டாலும் காலுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அளந்துதான் பார்க்க வேண்டும்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். கட்டை போடாமல் அடியில் போகவே கூடாது, "ரெண்டு நிமிஷம்தானே" என்று போனவர்கள் கதை நிறைய உண்டு. காற்றை 6 முதல் 7 பார் (காற்றழுத்த அளவு) வரை ஏற்றி இன்ஜினை அணைத்துவிட்டு, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். இதை விடுவிக்காமல் அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. இப்போது ஒவ்வொரு பிரேக் சேம்பரிலும் (காற்று நிரம்பிப் பிரேக்கைத் தள்ளும் டப்பா) புஷ் ராடு என்கிற தண்டு வெளியே வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கிளீனரை ஏறி பெடலை முழுசாக அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கோடு எவ்வளவு நகர்ந்தது என்று டேப்பால் அளக்க வேண்டும், அதுதான் ஸ்ட்ரோக். நம் ட்ரெய்லர்களில் அதிகம் இருப்பது 30 நம்பர் சேம்பர். சாதாரண ஸ்ட்ரோக் சேம்பராக இருந்தால் இரண்டு அங்குலம்தான் எல்லை, அதைத் தாண்டினால் அந்தச் சக்கரம் கணக்கில் இல்லை. நான் ஒன்றே முக்காலிலேயே கை வைத்துவிடுவேன்.

ஸ்லாக் அட்ஜஸ்டர் (புஷ் ராடையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைத்து, பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் கை) கையால் திருப்புகிற வகை என்றால், லைனர் (டிரம்மில் உரசிப் பிடிக்கும் பட்டை) டிரம்மில் முட்டும்வரை முறுக்கி, பிறகு கால் சுற்றிலிருந்து அரைச் சுற்றுவரை தளர்த்தினால் போதும். ஆட்டோமேட்டிக் வகையில் ஸ்ட்ரோக் அதிகமாக இருந்தால் ஸ்பேனரை எடுத்து முறுக்கிவிட்டுக் கிளம்பாதீர்கள், நாலு நாளில் திரும்பவும் அதே கதைதான். கேம் ஷாஃப்ட் புஷ் (bush) தேய்ந்திருக்கலாம், புஷ் ராடை இணைக்கும் பின் (pin) ஆடலாம், அட்ஜஸ்டரே போயிருக்கலாம், எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

படுத்த கையோடு லைனரையும் பார்த்துவிடுங்கள். நடுவில் 6 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் மாற்ற வேண்டும், ஒரு ஆக்சிலில் ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் சேர்த்து. ஹப் சீல் கசிந்து எண்ணெய் குடித்த லைனரைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவித் திரும்பப் போடும் பழக்கம் இங்கே இருக்கிறது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், சூடேறினால் உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வரும், அப்புறம் அந்தப் பக்கம் பிடிக்காது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கேம் ஷாஃப்ட்டுக்கு கிரீஸ் அடிக்கும்போதும் இதே எச்சரிக்கைதான், தாராளமாக அடித்தால் அது லைனருக்குத்தான் போகும். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்துக்குப் போய்வருகிற வண்டி என்றால் டிரம்முக்குள் தூசி அப்பியிருக்கும், கொஞ்சம் அடிக்கடி பாருங்கள்.

பார்க்கிங் பிரேக்குக்கான ஸ்பிரிங் சேம்பரை மட்டும் நீங்களே பிரிக்க வேண்டாம். கிளாம்ப்பைக் கழற்றினால், உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் தெறித்து ஆளையே கொன்றுவிடும்.

கசிவு பார்ப்பது சுலபம். இன்ஜினை அணைத்து பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் கேஜ் முள் முதலில் சட்டென்று கொஞ்சம் இறங்கி நிற்கும், அதை விட்டுவிடுங்கள். அதற்கப்புறம் 0.25 பாருக்கு மேல் இறங்கினால் காற்று எங்கோ போகிறது. லாரியையும் ட்ரெய்லரையும் இணைக்கும் ஓஸ் கப்ளிங் ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், பாதி நேரம் அங்கேதான் இருக்கும். சிவப்பு ஓஸைக் கழற்றினால் ட்ரெய்லர் தானாகப் பிரேக் பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் லோடு ஏற்றாதீர்கள்.

ஏர் டேங்க்கில் சேரும் தண்ணீரைத் தினமும் சாயங்காலம் வடித்துவிட வேண்டும். வெறும் தண்ணீர் வந்தால் பரவாயில்லை, மோர் மாதிரி எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரசரையும் ஏர் டிரையரையும் காட்டுங்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டு நியூட்ரலில் இறக்கினால் எந்தப் பிரேக்கும் தாங்காது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகைக்குழாயை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டு, வேகம் ஏறும்போது மட்டும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுக்க வேண்டும். லேசாக மிதித்துக்கொண்டே இறங்குவதுதான் டிரம்மைக் கொதிக்க வைக்கிறது.

இறங்கி முடித்ததும் ஒரு டீக்கு நிறுத்துவோம் இல்லையா, அப்போது கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே ட்ரெய்லரை ஒரு சுற்று வாருங்கள். டிரம்மைத் தொடாமல் பக்கத்தில் கையைக் காட்டினாலே சூடு தெரியும். எல்லாச் சக்கரமும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலடித்தால் அது விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது, ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் இறக்கம் முழுக்க அது பிடிக்கவே இல்லை. சாக்பீஸை அங்கிருந்து தொடங்குங்கள்.