முதல் இரட்டை மோட்டார் ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) விமானம்: எதைப் பார்த்து வாங்குவது?

இரண்டு மோட்டார் இருந்தால் ஒன்று நின்றாலும் இன்னொன்று காப்பாற்றிவிடும் என்று நம்பித்தான் பலர் முதல் ட்வினைத் (இரட்டை மோட்டார் மாடலை) தேடுகிறார்கள். சின்ன மாடலில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும். ஒரு மோட்டார் நின்றதும், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் விமானத்தை நின்றுபோன பக்கமாகத் திருப்பும், வேகம் குறைவாக இருந்தால் ரடரால் (செங்குத்து வாலில் அசையும் பலகை) அதைத் தடுக்க முடியாது, அந்தப் பக்க இறக்கை சாயும், நாம் பதறிப்போய் ஐலரானை (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகை) எதிர்ப்பக்கம் முழுசாகப் பிடிப்போம், உடனே ஸ்டால் ஆகி (இறக்கை தூக்குவிசையை இழந்து) சுழன்று தரையில் குத்தும். டேக் ஆஃப் ஆன கையோடு நடந்தால் யோசிக்கவே நேரம் இருக்காது. ஆகவே எது அழகு என்பதைவிட, ஒரு மோட்டார் நின்றால் எது நமக்குக் கொஞ்சமாவது அவகாசம் தரும் என்று பார்த்து வாங்குங்கள்.

முதல் ட்வின் எலக்ட்ரிக்காகவே இருக்கட்டும். எரிபொருளில் ஓடும் இரண்டு க்ளோ இன்ஜின்களை ஒரே மாதிரி ட்யூன் செய்து, வானத்தில் ஒன்று மட்டும் அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது தனி வித்தை, அதை அப்புறம் கற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது வடிவம். மேல் இறக்கை, உடலை ஒட்டியே இருக்கும் மோட்டார்கள், பெரிய செங்குத்து வால், இந்த மூன்றும் இருந்தால் நல்லது. மோட்டார் உடலைவிட்டுத் தள்ளிப்போகப் போக, ஒன்று நிற்கும்போது திருப்பும் விசையும் கூடும். புல்தரையில் பறப்பவர்கள் ப்ரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதையும் பாருங்கள். ட்வின் ஆட்டர் மாடல்கள் நல்ல தொடக்கம். 1965இல் முதலில் பறந்த அசல் விமானமே குட்டையான ஓடுபாதையில் மெதுவாக இறங்குவதற்காகச் செய்ததுதான். அச்சு அசலான தோற்றம் வேண்டாம் என்றால் மல்டிப்ளெக்ஸ் ட்வின்ஸ்டார் போன்ற ஃபோம் மாடலும் சரி. பி-38, மொஸ்கிட்டோ, டிசி-3 எல்லாம் மனதை இழுக்கும், எனக்கும் பிடிக்கும், ஆனால் நுனிக்குப் போகப்போகக் குறுகும் இறக்கை மெதுவாகப் பறக்கும்போது நுனியிலேயே ஸ்டால் ஆகக்கூடும். அவற்றை இரண்டாவது ட்வினாக வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கை நுனிக்கு நுனி 1.2 மீட்டர் அளவில் பல மாடல்கள் 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரியிலேயே பறக்கும், கையில் ஏற்கெனவே இருந்தால் செலவு மிச்சம். கரன்ட் கணக்கை மட்டும் ஒரு முறை போட்டுவிடுங்கள்: மோட்டாருக்கு 20 ஆம்பியர் என்றால் மொத்தம் 40; 2200 எம்ஏஎச் (2.2 ஆம்பியர்-மணி), 30சி பேட்டரி காகிதத்தில் அதன் 30 மடங்கு, அதாவது 66 ஆம்பியர் தரும், போதும்.

நீங்களே வயரிங் செய்வதாக இருந்தால் இரண்டு விஷயம். இரண்டு இஎஸ்சியிலும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பிஇசி (ரிசீவருக்கு மின்சாரம் தரும் பகுதி) இருந்தால், ஒன்றின் சிவப்பு வயரை ரிசீவர் பிளக்கிலிருந்து கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். இறக்கைக்குள் வயரை நீட்ட வேண்டியிருந்தால் இஎஸ்சிக்கும் மோட்டாருக்கும் நடுவில் நீட்டுங்கள், பேட்டரி பக்கம் நீட்டினால் இஎஸ்சி கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம்.

பறப்பதற்கு முன் இரண்டு இஎஸ்சிக்கும் த்ராட்டில் காலிப்ரேஷன் (ரிமோட்டின் த்ராட்டில் அளவை இரண்டும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளும்படி அமைப்பது) செய்துவிட்டு, ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, த்ராட்டிலை மெல்ல ஏற்றுங்கள். இரண்டும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். வேகத்தில் வித்தியாசம் இருந்தால் "வ்வோம்… வ்வோம்…" என்று சத்தம் ஏறி இறங்குவது காதுக்கே தெரியும். இறக்கைக்குள் இருக்கும் கனெக்டர்களையும் லேசாக இழுத்துப் பாருங்கள், மோட்டார் நிற்பதற்கு லூசான கனெக்டர் ஒரு முக்கியக் காரணம். பேட்டரியைக் கடைசிவரை ஓட்டவும் கூடாது, மின்னழுத்தம் குறையும்போது ஒரு இஎஸ்சி மற்றதற்கு முன்பே மோட்டாரை நிறுத்திவிடலாம். டைமர் வைத்து, சார்ஜ் மிச்சமிருக்கும்போதே இறக்குங்கள்.

அப்படியும் வானத்தில் விமானம் திடீரென்று ஒரு பக்கமாகத் திரும்பினால், முதலில் த்ராட்டிலை முழுசாகக் குறையுங்கள். இரண்டு பக்கமும் இழுப்பு இல்லாமல் போனதும் அது கிளைடர் மாதிரி நேராகிவிடும். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு, ஓடுபாதைக்கு வந்து சேர வேண்டும் என்று வளைக்காமல், எதிரே ஆள் இல்லாத இடத்தில் நேராக இறக்கிவிடுங்கள்.