நோவ்கொரோட்டை நடந்தே பார்க்கலாம்: முதல் தடவை போறவங்களுக்கு ஸ்டெப் ஸ்டெப்பா

ரஷ்யா போறேன்னு சொன்னாலே எல்லாரும் மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க்னு ரெண்டு ஊரைத்தான் சொல்வாங்க. நானும் அப்படித்தான் போனேன், பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜுக்குள்ள நுழைஞ்சு மூணு மணி நேரத்துல கால் ரெண்டும் கெஞ்ச ஆரம்பிச்சு, கடைசியில என்னென்ன ஓவியம் பார்த்தோம்னே ஞாபகம் இல்லாம வெளிய வந்தேன். அதுக்கப்புறம் போன ஊர்தான் வெலிக்கி நோவ்கொரோட். சின்ன ஊரு, முக்கியமான மியூசியம் எல்லாம் நடக்கற தூரத்துல, கைடு இல்லாம நாமளே சுத்தலாம். ஆனா ஒரு விஷயம், எந்த இடத்தை முதல்ல பார்க்கறோம்ங்கறதுதான் இங்க எல்லாமே. வரிசை மாறிப்போச்சுன்னா வெறும் செங்கல் சுவரும் வெள்ளை சர்ச்சும் பார்த்துட்டு வந்த மாதிரிதான் இருக்கும்.

ஸ்டெப் 0: கிளம்பறதுக்கு முன்னாடி

முதல்ல ஊர் பேரை சரியா பாருங்க. நிஷ்னி நோவ்கொரோட்னு இன்னொரு பெரிய ஊர் வோல்கா ஆத்தங்கரையில இருக்கு, அது வேற. நமக்கு வேண்டியது வோல்ஹவ் ஆத்தங்கரையில இருக்கற வெலிக்கி நோவ்கொரோட். டிக்கெட்ல ஸ்டேஷன் பேரு "நோவ்கொரோட்-நா-வோல்ஹவே"ன்னு வரும், அப்படி இருந்தா கண்ணை மூடிட்டு ஏறலாம். பீட்டர்ஸ்பர்க் மாஸ்கோவ்ஸ்கி ஸ்டேஷன்ல இருந்து லாஸ்தொச்கான்னு ஒரு ரயில், சுமார் மூணு மணி நேரம். ரயில் டிக்கெட்டுக்கு பாஸ்போர்ட் நம்பர் கேப்பாங்க, ஏறும்போதும் பாஸ்போர்ட் காட்டணும்.

அடுத்தது காசு. 2022 மார்ச்ல இருந்து நம்ம ஊர்ல வாங்கின விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதுவும் ரஷ்யாவுக்குள்ள வேலை செய்யாது. ஏடிஎம்ல போட்டுப் பார்க்கலாமேன்னு நினைக்காதீங்க, அதுவும் வராது. கையில ரூபிளா இருக்கணும், அதுவும் சில்லறையா இருந்தா நல்லது. மேப்பை ஆஃப்லைன்ல டவுன்லோட் பண்ணிக்கோங்க, யாண்டெக்ஸ் மேப்ஸ் போதும்.

மூணாவது, லீவு நாள். எல்லா மியூசியத்துக்கும் ஒரே நாள் லீவு கிடையாது, ஒண்ணு ஒரு கிழமை மூடினா இன்னொண்ணு வேற கிழமை மூடும். அது போக மாசத்துல ஒரு நாள் "சனிதார்னி தேன்"னு ஒண்ணு இருக்கு. இதுல சனியும் கிடையாது தேனும் கிடையாது, கிளீனிங் நாள்னு அர்த்தம். ஒரு ஊர்ல, எந்த ஊர்னு வேணாம், ஒரு மியூசியத்துக்கு பஸ் மாறி பஸ் ஏறிப் போய் கதவுல இந்த ரெண்டு வார்த்தையைப் பார்த்துட்டு அப்படியே திரும்பி வந்தவன் நான். அதனால முந்தின நாள் ராத்திரி மியூசியம் வெப்சைட்டை ஒரு தடவை பார்த்துடுங்க.

ரஷ்யன்ல ஒரு மூணு வார்த்தை தெரிஞ்சா போதும். டிக்கெட் கவுண்டர் "காஸ்ஸா", நம்ம காசு மாதிரியே காதுல விழும், மறக்காது. கோட், பெரிய பை எல்லாம் வைக்கற இடம் "கர்திரோப்", குளிர்காலத்துல கோட்டைக் கழட்டாம உள்ள விட மாட்டாங்க. ஷூ மேல மாட்டற பிளாஸ்டிக் உறை "பஹீலி", கேட்டா மாட்டிக்கோங்க.

ஸ்டெப் 1: ஸ்டேஷன்ல இருந்து கிரெம்ளின்

கிரெம்ளின்னா மாஸ்கோவுல மட்டும்தான்னு பல பேர் நினைக்கிறாங்க. கோட்டைக்குத்தான் கிரெம்ளின்னு பேரு, பழைய ரஷ்ய ஊர் நிறைய இடத்துல இருக்கு. நோவ்கொரோட் கிரெம்ளினுக்கு தேத்தினெத்ஸ்னு ஒரு செல்லப் பேரும் உண்டு. ஸ்டேஷன்ல இறங்கி ஒன்றரை ரெண்டு கிலோமீட்டர் நடந்தா வந்துடும், டாக்ஸி வேண்டியதே இல்ல. இப்ப நிக்கற செவப்பு செங்கல் சுவர் 15ஆம் நூற்றாண்டு கடைசியில, மாஸ்கோ ராஜா மூணாம் இவான் இந்த ஊரைப் பிடிச்ச பிறகு கட்டினது. 1478ல பிடிச்சார். அதுக்கு முன்னாடி இது கிட்டத்தட்ட தனி நாடு மாதிரி, வேச்சேன்னு ஊர்க்கூட்டம் போட்டு முடிவெடுப்பாங்க, ராஜா சரியில்லன்னா போய்ட்டு வாங்கன்னு அனுப்பி வச்சுடுவாங்க. கூட்டத்துக்குக் கூப்பிட அடிக்கற மணியை இவான் கழட்டி மாஸ்கோவுக்கே கொண்டு போயிட்டார். இந்த மணியை ஞாபகம் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வரும்.

கோட்டைக்குள்ள நுழைஞ்ச உடனே எல்லாரும் கோபுரத்தைப் பார்த்து சர்ச் பக்கம் ஓடுவாங்க. நீங்க ஓடாதீங்க.

ஸ்டெப் 2: முதல்ல மரப்பட்டை

உள்ள நடுவுல ஒரு பெரிய வட்டமான நினைவுச்சின்னம் இருக்கும், அதுக்கு எதிர்ல நீளமா ஒரு பழைய அரசு ஆபீஸ் கட்டிடம். அதுதான் மெயின் மியூசியம். காலைல திறக்கற நேரத்துக்கே போயிடுங்க, ரெண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்க.

இங்க பார்க்க வேண்டியது பிர்ச் மரப்பட்டையில எழுதின கடிதங்கள். பார்க்கறதுக்கு சுருண்டுபோன பழுப்பு நிறப் பட்டை, அவ்வளவுதான், தங்கம் வெள்ளி எதுவும் இல்ல, அதனால நிறைய பேர் ஒரு நிமிஷத்துல தாண்டிப் போயிடறாங்க. நம்ம ஓலைச்சுவடி தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு புரியும், எலும்புலயோ இரும்புலயோ செஞ்ச எழுத்தாணியால கீறி எழுதறது. ஓலைக்கு மை தடவுவோம் இல்லையா, இதுல அதுவும் கிடையாது, வெறும் கீறல்தான். ஈரமான மண்ணு, உள்ள காத்தே போகாது, அதனால எண்ணூறு தொள்ளாயிரம் வருஷம் ஆகியும் மக்கல. முதல் பட்டை கிடைச்சது 1951 ஜூலை 26, அர்த்சிஹோவ்ஸ்கிங்கற தொல்லியல் ஆய்வாளரோட தலைமையில தோண்டின இடத்துல. இதுவரைக்கும் இந்த ஊர்ல மட்டும் ஆயிரத்து நூறுக்கு மேல கிடைச்சிருக்கு, இன்னும் தோண்டிக்கிட்டே இருக்காங்க.

ராஜா கட்டளை, சாமி பாட்டு இதெல்லாம் ரொம்பக் கம்மி. பாக்கி காசு குடு, மீன் அனுப்பு, குதிரை அனுப்புன்னு வீட்டு விஷயமும் வியாபார விஷயமும்தான். 13ஆம் நூற்றாண்டுல ஒன்ஃபிம்னு ஒரு பொடியன், ஆறேழு வயசு இருக்கும், எழுத்துப் பழகிக்கிட்டே நடுவுல போரடிச்சு குதிரை மேல உட்கார்ந்து எதிரியைக் குத்தற மாதிரி தன்னையே வரைஞ்சு பக்கத்துல பேரையும் எழுதி வச்சிருக்கான். இன்னொரு பட்டையில ஏதோ ஒரு மிருகத்தை வரைஞ்சு "நான் மிருகம்"னு எழுதியிருக்கான். அவன் வரைஞ்ச ஆளுங்களோட விரல் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும், மூணு, நாலு, அஞ்சு, கைக்கு வந்தபடி.

போறதுக்கு முன்னாடி ரயில்ல உட்கார்ந்து சில கடிதங்களோட மொழிபெயர்ப்பைப் படிச்சிடுங்க, ரஷ்யன் தெரிஞ்சவங்களுக்கே இந்தப் பழைய எழுத்து சுலபமாப் புரியாது. 752ஆம் நம்பர்ல ஒரு பொண்ணு, மூணு தடவை ஆள் அனுப்பிட்டேன், இந்த வாரம் ஏன் வரல, என் மேல என்ன கோவம்னு கேக்குறா, அது 11ஆம் நூற்றாண்டு முடியற நேரம். 43ஆம் நம்பர்ல போரிஸ்னு ஒருத்தர் மனைவி நஸ்தாஸ்யாவுக்கு எழுதறார், இங்க வேலை நிறைய இருக்கு, ஒரு ஆளை குதிரையில அனுப்பு, அப்புறம் சட்டையை மறந்து வச்சிட்டு வந்துட்டேன், அதையும் குடுத்து விடு. சிரிச்சிட்டு அடுத்ததுக்குப் போனா 49ஆம் நம்பர். நஸ்தாஸ்யா தன் சொந்தக்காரங்களுக்கு எழுதறா, போரிஸ் இறந்து போயிட்டாரு, என்னையும் பிள்ளைங்களையும் பார்த்துக்கோங்கன்னு. ரெண்டும் ஒரே வீட்டுக் கடிதமா இருக்கலாம்னு நினைக்கிறாங்க. இதைப் படிச்ச பிறகு இந்த ஊர்த் தெருவுல நடக்கும்போது நஸ்தாஸ்யா வீடு எந்தப் பக்கம் இருந்திருக்கும்னு மனசு தேடிக்கிட்டே இருந்துச்சு எனக்கு.

அதே கட்டிடத்துல ஐகான் பிரிவு இருக்கு, ஐகான்னா சர்ச்சுல வச்சுக் கும்பிடற சாமி படம். எல்லாத்தையும் பார்க்க முயற்சி பண்ணாதீங்க, ஒண்ணே ஒண்ணு முன்னாடி நில்லுங்க, நோவ்கொரோட்காரங்களுக்கும் சுஸ்தல்னு இன்னொரு ரஷ்ய ஊர்க்காரங்களுக்கும் நடந்த சண்டை, 15ஆம் நூற்றாண்டு ஓவியம். மேல இருந்து கீழ மூணு வரிசையா, நம்ம காமிக்ஸ் கட்டம் மாதிரியே கதை போகும். மேல் கட்டத்துல மாதா படத்தை ஒரு தெரு சர்ச்சுல இருந்து எடுத்து பாலம் தாண்டி கோட்டைக்குக் கொண்டு வர்றாங்க. நடுக் கட்டத்துல கோட்டைச் சுவர் மேல வச்சிருக்கற அந்தப் படத்து மேலயே எதிரி அம்பு பாயுது. கீழ்க் கட்டத்துல ஊர்க்காரங்க வெளிய வந்து விரட்டறாங்க. சண்டை நடந்தது 1170ல. அந்தத் தெரு பேரு இலின். நாம இன்னைக்கு நடக்கப்போற ரூட் அந்தப் படம் வந்த அதே வழிதான், தலைகீழா.

ஸ்டெப் 3: வெளிய இருக்கற வட்டச் சின்னம்

1862ல வச்ச "ரஷ்யாவின் ஆயிரம் ஆண்டு" நினைவுச்சின்னம், மிகேஷின் வடிவமைச்சது. 5 ரூபிள் நோட்டு கையில கிடைச்சா எடுத்துப் பாருங்க, அதுலயும் இதுதான். கீழ்ப் பட்டையில நூத்துக்கும் மேல ஆளுங்க, புஷ்கின், கோகல் எல்லாம் நிக்கறாங்க. ஒரு சுத்து சுத்தி வந்து பயங்கர இவான் (முன்னாடி சொன்ன மூணாம் இவானோட பேரன்) எங்கன்னு தேடுங்க. கிடைக்க மாட்டார். 1570ல இந்த ஊரையே கொன்னு குவிச்ச மனுஷன், அவருக்கு இங்க இடம் குடுக்கல. உடைஞ்ச மணி காலடியில கிடக்க மார்ஃபா அம்மா நிக்கறது கண்ணுல படும், மாஸ்கோவுக்கு அடங்க மாட்டேன்னு நின்னவங்க. நான் சொன்ன மணி அதுதான். இரண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்க இதைத் துண்டு துண்டா கழட்டிப் போட்டாங்க, 1944 ஜனவரியில ஊர் மீண்ட அதே வருஷம் நவம்பர்லயே திரும்ப நிறுத்திட்டாங்க.

ஸ்டெப் 4: சோஃபியா சர்ச்

1045ல இருந்து 1050க்குள்ள கட்டினது. இது மியூசியம் இல்ல, பூஜை நடக்கற கோயில், அதனால பெண்கள் தலைக்கு ஒரு துணி, ஆண்கள் தொப்பியைக் கழட்டணும், பூஜை நேரத்துல ஃபோட்டோ எடுத்துக்கிட்டு குறுக்க நடக்காதீங்க. நடுவுல இருக்கற தங்கக் குமிழி மேல சிலுவையில ஒரு புறா உட்கார்ந்திருக்கும். பயங்கர இவான் ஊரை அழிச்சப்போ மேல இருந்து பார்த்த புறா பயத்துல அப்படியே உறைஞ்சு போச்சுன்னு கதை. இப்ப மேல இருக்கறது புதுசு. பழைய சிலுவையை போர் நேரத்துல ஜெர்மன்காரங்களோட சேர்ந்து வந்த ஸ்பெயின் படை எடுத்துட்டுப் போயி 2004லதான் திருப்பிக் குடுத்தாங்க, அது உள்ளயே இருக்கு, பக்கத்துல நின்னு பார்க்கலாம். அம்பு பட்ட அந்த மாதா படமும் இதே சர்ச்சுக்குள்ளதான். காலைல காமிக்ஸ்ல பார்த்த படம் நேர்ல நிக்கும்போது கொஞ்சம் சிலிர்க்கும்.

வெளிய வந்து மேற்குப் பக்கம் போங்க, 12ஆம் நூற்றாண்டுல ஜெர்மனியில இருக்கற மாக்தெபர்க்ல செஞ்ச வெண்கலக் கதவு. பைபிள் காட்சி எல்லாம் இருக்கட்டும், கீழ குனிஞ்சு பாருங்க, வேலை செஞ்ச ஆசாரிங்க தங்களையே சின்ன உருவமா வச்சிருக்காங்க, ஒருத்தர் கையில தராசு.

ஸ்டெப் 5: கல் மாளிகை, அப்புறம் சாப்பாடு

பக்கத்துலயே 1433ல பிஷப்புக்காக ஜெர்மன் கொத்தனாருங்க கட்டின மாளிகை இருக்கு. கோதிக் வளைவு, உள்ள தங்க வெள்ளி சாமான். அழகுதான், ஆனா கண்ணாடிக்குள்ள தங்கம் எல்லா ஊர்லயும் இருக்கு, நேரம் இல்லன்னா விட்டுடலாம், நான் திட்ட மாட்டேன்.

சைவம் சாப்பிடறவங்க "போஸ்த்னயே"ன்னு கேளுங்க, விரத சாப்பாடுன்னு அர்த்தம், கறி, முட்டை, பால் இருக்காது. மீனை மட்டும் சில சமயம் விரதத்துல சேர்த்துக்குவாங்க, அதனால தனியா கேட்டுக்கோங்க. காளான் வச்ச பிலினி கிட்டத்தட்ட நம்ம மைதா தோசை மாதிரி, ஆனா மாவுல முட்டையும் பாலும் உண்டு.

ஸ்டெப் 6: பாலம் தாண்டி

கோட்டையில இருந்து ஆத்துக்கு இறங்கினா நடக்கறவங்களுக்கு மட்டும் ஒரு பாலம். அக்கரையில வெள்ளையா நீளமா வளைவு வளைவா ஒரு சுவர், 17ஆம் நூற்றாண்டுச் சந்தைக் கட்டிடத்துல மிஞ்சினது அது. அதுக்குப் பின்னாடிதான் பழைய சந்தை, ஜெர்மன் வியாபாரிங்க வந்து தங்கி தோலும் மெழுகும் வாங்கிட்டுப் போன இடம், பட்டையில எழுதின பாக்கிக் கணக்குக்கெல்லாம் அர்த்தம் இங்க வந்தாத்தான் புரியும். 1113ல ஆரம்பிச்ச நிக்கோலா சர்ச் இங்கதான் நிக்குது.

ஸ்டெப் 7: இலின் தெரு

சந்தையில இருந்து கிழக்கால நிதானமா ஒரு கால் மணி நேரம் நடங்க. 1374ல கட்டின உருமாற்ற சர்ச், உள்ள 1378ல கிரேக்கத் தெயோஃபான் வரைஞ்ச சுவரோவியம். பைசாந்தியம்ங்கற பழைய கிரேக்கப் பேரரசுல இருந்து வந்தவர், சந்தேகமே இல்லாம இவரோடதுன்னு சொல்லக்கூடிய சுவரோவியம் இது ஒண்ணுதான். பாதிக்கு மேல போயிடுச்சு, மிச்சம் இருக்கறதுல செம்மண் நிறமும் மேல வெள்ளைக் கீத்தும்தான், மின்னல் வெட்டின மாதிரி. மேல குமிழியில கிறிஸ்து நேரா உங்களையே முறைப்பார். குறுகலான படி ஏறினா சின்ன அறை ஒண்ணு இருக்கு, அதை விட்டுடாதீங்க, தூண் மேல வாழ்ந்த துறவிங்களோட ஓவியம் அங்கதான் இருக்கு. ஈரப்பதம் அதிகமான நாள்ல ஓவியம் கெட்டுடும்னு மூடி வைக்கறதும் உண்டு, மழை வர்ற மாதிரி இருந்தா இங்க முதல்லயே வந்துட்டுப் போயிடுங்க. இன்னைக்கு வரிசையை உடைக்க நான் அனுமதிக்கற ஒரே காரணம் இதுதான்.

அம்பு பட்ட படம் கிளம்பின இடமும் இதுதான், இதே இடத்துல முன்னாடி இருந்த பழைய சர்ச்.

இன்னொரு நாள் இருந்தா 7ஆம் நம்பர் பஸ் ஏறி ஊருக்கு வெளிய போங்க, வித்தஸ்லாவ்லித்ஸின்னு மர வீடுங்களை எல்லாம் பெயர்த்துக் கொண்டு வந்து வச்ச திறந்தவெளி மியூசியம், பக்கத்துலயே 1119ல ஆரம்பிச்ச கியோர்கி சர்ச் இருக்கற யூரியெவ் மடம். ஒரு நாள்தான்னா விட்டுடுங்க, அவசரமா பார்க்கற இடம் இல்ல அது.

திரும்பி பாலத்துக்கு வாங்க. ஆத்தங்கரைக் கைப்பிடிச் சுவர் மேல வெண்கலத்துல ஒரு பொண்ணு உட்கார்ந்திருப்பா, டூரிஸ்ட், நடந்து நடந்து கால் வலிச்சு செருப்பைக் கழட்டிப் போட்டிருப்பா. பக்கத்துல இடம் இருக்கும். நீங்களும் ஷூவைக் கழட்டிட்டு உட்காருங்க, ராத்திரி ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு.