மண்டை எக்ஸ்ரே பொசிஷனிங்: பெட்ரஸ் எலும்பைப் பிடித்துக்கொண்டால் மற்றது புரியும்

ஸ்கல் பாடம் வந்ததும் முதலாண்டு ரேடியோகிராபி பிள்ளைகள் நோட்டில் ஒவ்வொரு வியூவுக்கும் (படம் எடுக்கும் நிலைக்கும்) எத்தனை டிகிரி என்று ஓர் அட்டவணை போட்டுவிடுவார்கள். கால்டுவெல் 15, டவுன்ஸ் 30, வாட்டர்ஸ் 37. தேர்வு எழுத அது போதும். ஆனால் கழுத்து மடங்காத ஒரு தாத்தாவை முன்னால் உட்கார வைத்தால், அந்த 30 எந்தக் கோட்டிலிருந்து 30 என்று தெரியாமல் கை நின்றுவிடும். இந்த விளக்கம் அந்த இடத்துக்காகத்தான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். தலைக்காயத்துக்கு எல்லாம் சிடி எடுக்கிறார்களே, இதை ஏன் படிக்க வேண்டும்? கேள்வி நியாயம்தான். எக்ஸ்ரேயில் மூளை தெரியாது. எலும்பு முறியாமலே உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் விழுந்தவருக்கும், சாயல்குடிப் பக்கம் பனையிலிருந்து விழுந்தவருக்கும் சிடிதான் சரி. ஆனாலும் சைனஸுக்கு, அதாவது மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகளுக்கு, பிஎன்எஸ் எக்ஸ்ரே கேட்டுச் சீட்டு வருகிறது. எம்ஆர்ஐக்கு முன் கண்ணில் இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். மைலோமா (எலும்பு மஜ்ஜைப் புற்று) நோயாளிக்கு எலும்புகளை வரிசையாகப் படமெடுக்கும் எலும்பு சர்வே செய்யும் இடங்களும் உண்டு. போதாததற்கு, சிடியில் தலையைச் சரிசெய்வதும் பின்னால் நாம் போடப்போகும் முகக்கோடுகளை வைத்துத்தான்.

எலும்பைக் கையில் எடுங்கள்

மண்டையில் 22 எலும்புகள். மூளையைச் சுற்றி 8, முகத்தில் 14. அந்த எட்டு: ஃப்ரண்டல் ஒன்று, பரைட்டல் இரண்டு, டெம்போரல் இரண்டு, ஆக்சிபிட்டல், ஸ்பீனாய்டு, எத்மாய்டு ஒவ்வொன்று. பெயர்கள் ஒரு நாளில் வந்துவிடும். அதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம்.

நேரம் கொடுக்க வேண்டியது டெம்போரல் எலும்பின் ஒரு பகுதிக்கு: பெட்ரஸ். காதுக்கு உட்புறம், மண்டையின் அடித்தளத்தில், முன்னோக்கியும் நடுவை நோக்கியும் சாய்ந்து கிடக்கும் கூம்பு இது. உடலிலேயே மிக அடர்த்தியான எலும்புகளில் ஒன்று. எக்ஸ்ரே இதைக் கடக்கத் திணறும். படத்தில் பளீரென்று வெள்ளையாக விழும். அந்த வெள்ளை எதன்மேல் விழுகிறதோ அது மறைந்துபோகும். மூக்கையூரில் படகோட்டுபவருக்குத் தண்ணீருக்கடியில் பார் எங்கே கிடக்கிறது என்று தெரிந்திருப்பதுபோல, நமக்கு பெட்ரஸ் எங்கே கிடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முன்பக்கத்திலிருந்து எடுக்கும் வியூக்களில் நாம் போடும் கோணமெல்லாம் பெரும்பாலும் இதை ஒதுக்கிவிடத்தான்.

சராசரி மண்டையில் பெட்ரஸ் நடுக்கோட்டோடு சுமார் 47 டிகிரி வைக்கும். அகலமான குட்டை மண்டையில் 54 வரை போகும், நீண்டு ஒடுங்கிய மண்டையில் 40 வரை குறையும். அதனால் எல்லோருக்கும் ஒரே கோணம் ஒரே படத்தைத் தராது. ஆளின் தலையைப் பார்க்காமல் அட்டவணையை மட்டும் பார்க்கிறவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கல்லூரி மியூசியத்தில் மேல்மூடி கழற்றிய மண்டை ஓடு இருந்தால் இதைச் செய்து பாருங்கள். ஓட்டை மேசையில் மல்லாக்க வையுங்கள், முகம் கூரையைப் பார்க்கட்டும். முகத்துக்கு நேர் மேலே குனிந்து, அங்கிருந்து உங்கள் கண்ணை உச்சிப் பக்கமாக நகர்த்திக்கொண்டே போய் உள்ளே சாய்வாகப் பாருங்கள். ஓரிடத்தில் செல்லா டர்சிகாவின் (பிட்யூட்டரி சுரப்பி உட்காரும் குழி) பின்சுவரான டார்சம் செல்லா, தண்டுவடம் இறங்கும் போரமென் மேக்னம் துளைக்கு நேர் முன்னால் வந்து நிற்கும். இப்போது உங்கள் கண் இருக்கும் இடம்தான் டவுன்ஸ் வியூவில் எக்ஸ்ரே ட்யூப் இருக்க வேண்டிய இடம். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு 30 என்ற எண் மறக்காது.

நண்பர் முகத்தில் கோடு போடுங்கள்

ஐபுரோ பென்சில் ஒன்று, பாகைமானி ஒன்று, பொறுமையான ஹாஸ்டல் நண்பர் ஒருவர். இவ்வளவுதான் தேவை.

தொட்டுப் பார்க்க வேண்டிய புள்ளிகள்: இரு புருவத்துக்கு நடுவே கிளாபெல்லா, அதற்குக் கீழே மூக்கு தொடங்கும் பள்ளம் நேசியான், மூக்கும் மேலுதடும் சேரும் இடம் அகாந்தியான், மோவாயின் நடு, தாடையின் கோணம் கோனியான், பிடரியில் தட்டுப்படும் மேடு இனியான். அப்புறம் கண்ணின் வெளிமுனை, கண்குழியின் கீழ்விளிம்பு, காதுத் துவாரம்.

இப்போது கோடுகள். கண்ணின் வெளிமுனையிலிருந்து காதுத் துவாரத்துக்கு ஒன்று: ஓஎம் லைன். கண்குழியின் கீழ்விளிம்பிலிருந்து அதே துவாரத்துக்கு இன்னொன்று: ஐஓஎம் லைன். மோவாயிலிருந்து துவாரத்துக்கு மூன்றாவது: எம்எம் லைன். முதல் இரண்டுக்கும் இடையே பாகைமானி வைத்துப் பாருங்கள், 7 அல்லது 8 டிகிரி வரும். இந்த 7 டிகிரி பின்னால் ஒரு பெரிய சிக்கலைத் தீர்க்கும், நினைவில் இருக்கட்டும்.

படம் எடுக்கும் முன்

தலையிலும் காதிலும் மூக்கிலும் உள்ள உலோகம் எல்லாம் வெளியே வர வேண்டும். ஹேர்பின், கம்மல், செயற்கைப் பல் செட், காது மெஷின். நம் பக்கம் வயதான ஆத்தாக்கள் சிலர் இன்னும் பாம்படம் போட்டிருப்பார்கள். பக்கவாட்டில் எடுக்கும் லேட்டரலில் அது தாடைமேல் வந்து விழும். “ஆத்தா, இதக் கழட்டி உங்க மக கையில குடுங்க, படம் எடுத்ததும் போட்டுக்கலாம்” என்று சொல்லி உறவினர் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் வாங்கி வைக்காதீர்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பெண்கள் தலைத்துணியில் குண்டூசி குத்தியிருப்பார்கள். எதற்காக எடுக்கச் சொல்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, பெண் ஊழியரை உடன் வைத்துக்கொண்டு கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கழற்றவே முடியாத மூக்குத்தி என்றால் சீட்டில் எழுதிவிடுங்கள்.

கர்ப்பமா என்று கேளுங்கள். வலது, இடது மார்க்கர் வையுங்கள். ட்யூபிலிருந்து படம் பதியும் டிடெக்டருக்குத் தூரம் 100 செ.மீ., சிதறும் கதிரை வடிக்கும் கிரிட் கட்டாயம், ட்யூபின் மின்னழுத்தம் 70 முதல் 80 கேவி. எக்ஸ்போஷரின்போது மூச்சை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

லேட்டரல்

இதிலிருந்து தொடங்குங்கள், ட்யூபுக்குக் கோணமே கிடையாது. அடிபட்ட பக்கம் பக்கியை (கிரிட்டும் டிடெக்டரும் இருக்கும் ஸ்டாண்டு) ஒட்டி இருக்க வேண்டும். ஒரு விரலைக் கிளாபெல்லாவிலும் இன்னொன்றை இனியானிலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் பக்கியிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் தலை திரும்பவில்லை. இரு கண்மணிகளை இணைக்கும் கோடு பக்கிக்குச் செங்குத்தாக இருந்தால் தலை சாயவில்லை. காதுத் துவாரத்துக்கு 5 செ.மீ. மேலே கதிரைச் சென்டர் செய்யுங்கள். செல்லாவை மட்டும் கேட்டிருந்தால் துவாரத்துக்கு 2 செ.மீ. முன்னும் 2 செ.மீ. மேலும்.

படம் வந்ததும் தாடையின் இரு ரேமஸும் (பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் பகுதி) முன்னும் பின்னுமாகப் பிரிந்து தெரிந்தால் தலை திரும்பியிருக்கிறது. கண்குழிக் கூரைகள் மேலும் கீழுமாகப் பிரிந்தால் தலை சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால்தான் ரிப்பீட் எடுக்கும்போது எதைத் திருத்துவது என்று தெரியும். இல்லாவிட்டால் அதே தவறு இரண்டாம் கதிர்வீச்சு டோஸோடு திரும்பி வரும்.

இதே படத்தில் ஓர் உடற்கூறுப் பாடமும் இருக்கிறது. மண்டை எலும்புகள் சேரும் கோடான சூச்சர் பல்பல்லாக வளைந்து ஓடும். இரத்தக்குழாய் பதிந்த தடம் கிளை பிரிந்து, மங்கலாக இருக்கும். முறிவுக்கோடு கூர்மையாக, கருமையாக, பெரும்பாலும் நேராக ஓடும். ரிப்போர்ட் எழுதுவது டாக்டர் வேலைதான். ஆனாலும் கண் பழகட்டும்.

கால்டுவெல்

முகம் பக்கியைப் பார்க்க, நெற்றியும் மூக்கும் ஒட்டியிருக்க வேண்டும். ஓஎம் லைன் பக்கிக்குச் செங்குத்து. ட்யூபைச் சாய்க்காமல் எடுத்தால் பெட்ரஸ் இரண்டு கண்குழிகளையும் நிரப்பிவிடும். கால் பக்கமாக 15 டிகிரி சாய்த்து நேசியானில் வெளியேறும்படி எடுங்கள், பெட்ரஸ் கண்குழியின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். 30 டிகிரி சாய்த்தால் கண்குழிக்கும் கீழே போய்விடும். கோணம் ஏற ஏற பெட்ரஸ் இறங்குகிறது, அவ்வளவுதான் சங்கதி.

முகத்தைப் பக்கிப் பக்கம் வைப்பதில் இன்னொரு லாபம், கண் லென்ஸுக்கு டோஸ் குறைகிறது. இந்த வியூவுக்குப் பெயர் தந்த யூஜின் கால்டுவெல் 1918இல் இறந்ததற்குக் காரணமே எக்ஸ்ரே உடலில் ஏற்படுத்திய பாதிப்புதான். மேல் படும் கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜை மேசை டிராயரில் பூட்டி வைத்துவிட்டு வேலை பார்ப்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

டவுன்ஸ்

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இதில். பேஷன்ட் முதுகும் பிடரியும் பக்கியில் பட உட்கார வேண்டும். “அய்யா, தாடைய நெஞ்சோட ஒட்டுங்க” என்று சொல்லி ஓஎம் லைனைப் பக்கிக்குச் செங்குத்தாகக் கொண்டுவாருங்கள். கால் பக்கமாக 30 டிகிரி. கிளாபெல்லாவுக்குச் சுமார் 6 செ.மீ. மேலே கதிர் நுழைய வேண்டும்.

தாத்தாவின் தாடை இறங்கவில்லையா? அழுத்தாதீர்கள். தாடை கொஞ்சம் உயர்ந்த நிலையில் ஐஓஎம் லைன் செங்குத்தாக நிற்கும். அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு 37 டிகிரி கொடுங்கள். 30உம் அந்த 7உம் சேர்ந்ததுதான் 37. தலை பின்னால் போன அளவைக் கதிர் ஈடுகட்டுகிறது, படம் அதேதான்.

போரமென் மேக்னத்துக்குள் டார்சம் செல்லா தெரிகிறதா என்று பாருங்கள். துளைக்கு மேலே நின்றால் கோணம் குறைந்துவிட்டது. துளைக்குள் கழுத்தின் முதல் எலும்பின் பின்வளைவு வந்து டார்சத்தின்மேல் விழுந்தால் கூடிவிட்டது.

வாட்டர்ஸ்

கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களோ சங்கு குளிப்பவர்களோ கன்னத்தில் வலி, தலைப்பாரம் என்று வந்தால் சீட்டில் பெரும்பாலும் பிஎன்எஸ் என்றிருக்கும். எடுக்கப்போவது இந்த வியூதான். மோவாயைப் பக்கியில் பதித்து, மூக்கு நுனி சற்று விலகி நிற்க, எம்எம் லைன் செங்குத்தாக வர வேண்டும். அப்போது ஓஎம் லைன் பக்கியோடு 37 டிகிரி வைக்கும். கதிர் நேராக வந்து அகாந்தியானில் வெளியேறும். டவுன்ஸில் 37 என்பது ட்யூப் கோணம், இங்கே அது தலையின் கோணம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெட்ரஸ் இப்போது கன்னத்தில் உள்ள மேக்ஸிலரி சைனஸுக்குக் கீழே போயிருக்க வேண்டும். சைனஸின் அடியில் வெள்ளையாக ஏறி நின்றால் தாடையை இன்னும் உயர்த்தவில்லை என்று பொருள். கட்டாயம் உட்கார வைத்தோ நிற்க வைத்தோ, கதிர் கிடைமட்டமாக வரும்படி எடுங்கள். படுக்க வைத்து மேலிருந்து எடுத்தால் நீர் பரவிவிடும், நீர்மட்டக் கோடு தெரியாது. வாயைத் திறக்கச் சொன்னால் மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் உள்ள ஸ்பீனாய்டு சைனஸும் அதன் வழியாகத் தெரியும்.

தலையை அசைக்கக் கூடாதபோது

விபத்தில் வந்தவரின் கழுத்தெலும்பு பத்திரம் என்று டாக்டர் சொல்லும்வரை மேலே சொன்ன எந்தப் பொசிஷனுக்கும் தலையைத் திருப்பவோ மடக்கவோ கூடாது. காலர் போட்டபடியே மல்லாக்கப் படுத்திருக்கட்டும். டிடெக்டரைத் தலைக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தி, ட்யூபைக் கிடைமட்டமாக்கி லேட்டரல் எடுங்கள். ஸ்பீனாய்டு சைனஸுக்குள் நீர்மட்டம் ஒன்று தெரிந்தால், அடித்தள எலும்பு முறிந்திருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. படத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.