எதிர்நாயகனை எழுதப் பழகுவோம்: கடனை ஓரமாக வையுங்கள், வீம்பை எடுங்கள்

வெப் சீரிஸ் எழுத வரும் புதியவர்களின் கதைச்சுருக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. நல்ல மனுஷன், கடன் கழுத்தை நெரிக்கிறது, தப்பான வழிக்குப் போகிறான். சரி, கடனை அடைத்துவிட்டால்? கதை அங்கேயே படுத்துவிடும். ஐந்து சீசன் ஓட வேண்டுமென்றால் காசால் தீராத குறை ஒன்று அவனுக்குள் இருக்க வேண்டும், அதைச் சொந்தபந்தம் தினமும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

பாடத்துக்கு ‘பிரேக்கிங் பேட்’ தொடரை எடுத்துக்கொள்கிறேன் (2008 முதல் 2013 வரை, 62 எபிசோடுகள்). பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், முடிவு வரைக்கும் உடைக்கப் போகிறேன். பயிற்சிக்கு நம் ஊர் ஆள் ஒருவர்: காரைக்குடிப் பக்கம் பங்காளிகளின் பொது வீட்டில் தங்கி, அதைப் பார்த்துக்கொள்ளும் ஐம்பது வயது வாத்தியார். மற்ற பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. பெயர் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பழைய காயத்தை முதலில் எழுதுங்கள்

தொடரின் நாயகன் வால்ட்டர் வைட் பள்ளியில் வேதியியல் வாத்தியார், சாயங்காலம் கார் கழுவும் இடத்தில் வேலை, நுரையீரலில் புற்றுநோய், அது தெரிந்ததும் போதைமருந்து தயாரிக்க இறங்குகிறார். இதெல்லாம் மேல்தோல். உள்ளே இருப்பது வேறு. நண்பன் எலியட்டோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனியில் தன் பங்கை வெறும் 5,000 டாலருக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். அந்தக் கம்பெனியின் மதிப்பு பின்னால் 216 கோடி டாலர். அதை வாராவாரம் எடுத்துப் பார்ப்பதாக ஐந்தாவது சீசனில் அவரே சொல்கிறார். வாராவாரம்! ஒரு மனுஷனைப் புரிந்துகொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்?

நம் வாத்தியாருக்கும் அப்படி ஒன்று. கூட்டாளியோடு பழைய மரச்சாமான் கடை போட்டவர், ஒரு சண்டையில் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று கூட்டாளி ஹெரிடேஜ் ஹோட்டல்களுக்கெல்லாம் சப்ளை.

படி 2: தப்பிக்க வழி கொடுங்கள், அவரே வேண்டாம் என்று சொல்லட்டும்

புதியவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். எல்லாக் கதவையும் மூடிவிட்டு, வேறு வழியில்லை என்று ஆளைத் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளப்பட்டவன்மேல் பரிதாபம் வரும், அவ்வளவுதான். வால்ட்டருக்கு எலியட் வேலை தருகிறேன் என்கிறான், நல்ல மருத்துவக் காப்பீடும் உண்டு. எலியட்டின் மனைவி கிரெட்சனும் சிகிச்சைச் செலவை ஏற்பதாகச் சொல்லிப் பார்க்கிறாள். இவர் மறுக்கிறார். மறுத்த கையோடு மனைவி ஸ்கைலரிடம், அவர்கள்தான் பணம் கொடுக்கிறார்கள் என்று பொய் சொல்கிறார். வாங்கக் கூசிய பணத்தின் பெயரைச் சொல்லியே போதைமருந்துப் பணத்தை மறைக்கிற ஆள். சரிவு தொடங்குவது இங்கேதான். நோய் வந்த நாளில் இல்லை.

நம் கதையில், மகள் கல்யாணச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பழைய கூட்டாளி திண்ணையில் நாலு பேர் முன்னால் சொல்லட்டும். அந்த நாலு பேரை மறந்துவிடாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் வாத்தியார் வாங்கியிருக்கவும் கூடும்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி, வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நிற்கும் பர்மா தேக்குத் தூண் ஒன்றைக் கழற்றி விற்கிறார். அதே இடத்தில் வேறு மரத்தில் கடைந்த தூணை, ஒரு வித்தியாசமும் தெரியாமல் நிறுத்துகிறார். கூடமாட உதவுவது பழைய மாணவன், ஆசாரி வீட்டுப் பையன்.

படி 3: ஒவ்வொரு உறவுக்கும் ஒரு வேலை கொடுங்கள்

‘மனைவி: அன்பானவள்’ என்று எழுதி வைப்பதில் பிரயோஜனமில்லை. அவளிடமிருந்து இவனுடைய வீம்புக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். ஸ்கைலரும் பிள்ளைகளும் வால்ட்டருக்குச் சாக்கு. சகலை ஹாங்க் அளவுகோல். போதைத் தடுப்பு அதிகாரி, பேச்சில் கூட்டத்தையே கட்டிப்போடுகிறவன், வால்ட்டரின் ஐம்பதாவது பிறந்தநாளிலேயே எல்லாரும் ஹாங்கைத்தான் பார்க்கிறார்கள். இரண்டாவது சீசனில் ஒரு விருந்து வரும். வால்ட்டர் தன் மகனுக்கு டெக்கீலா ஊற்றுகிறார், ஹாங்க் போதும் என்று தடுக்கத் தடுக்க மேலும் ஊற்றுகிறார், கடைசியில் பையன் வாந்தி எடுக்கிறான். மகன் யாருடையவன் என்று சகலைக்குக் காட்டியாக வேண்டும், அதுதான் விஷயம். மாமனார் வீட்டில் இரண்டு மருமகன்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பழைய மாணவனும் போதைமருந்துத் தொழிலில் கூட்டாளியுமான ஜெஸ்ஸி இன்னும் முக்கியம். இவருடைய திறமை முழுதாகத் தெரிந்த ஆள் அவன்தான், அதனால் அவனை விடவும் முடியாது, மதிக்கவும் முடியாது. அவ்வளவு நடந்தும் அவன் வாய் அவரை வாத்தியாரைக் கூப்பிடுவது மாதிரி ‘மிஸ்டர் வைட்’ என்றேதான் கூப்பிடுகிறது. நம் பையனும் கடைசிவரை ‘சார்’ என்றே கூப்பிடட்டும்.

படி 4: குற்றம் வளரட்டும், சாக்கு அப்படியே இருக்கட்டும்

முதல் சீசனில் கட்டிப்போட்ட ஒருவனைக் கொல்லலாமா வேண்டாமா என்று வால்ட்டர் காகிதத்தில் பட்டியல் போடுகிறார். இரண்டாவது சீசனில் ஜெஸ்ஸியின் காதலி மூச்சுத் திணறிச் சாவதை நின்று பார்க்கிறார். நான்காவதில் ஒரு சின்னப் பையனுக்கு விஷம். எல்லாம் குடும்பத்துக்காகத்தான்.

நம் ஆள் விற்கும் முதல் தூண் தன் பங்கிலிருந்து. இரண்டாவது, வாரிசில்லாத ஆச்சியின் அறை முன்னால் நிற்பது. மூன்றாவது காணாமல் போனதாகப் பேச்சு எழும்போது பையனைக் கைகாட்டுவார்.

படி 5: வீம்பு வாய் திறக்கும் காட்சி

நான்காவது சீசன் விருந்து ஒன்றில், தான் தேடிக்கொண்டிருந்த போதைமருந்து தயாரிக்கும் மேதை, செத்துப்போன கேல் என்பவன்தான் என்று ஹாங்க் முடிவுகட்டிப் பேசுகிறான். வால்ட்டர் வாயை மூடிக்கொண்டிருந்தால் வழக்கே முடிந்தது. ஆனால் உள்ளே போன ஒயினும் வீம்பும் விடவில்லை, அவன் எழுதியதெல்லாம் பார்த்துக் காப்பியடித்தது போலத்தான் இருக்கிறது, உங்கள் மேதை இன்னும் வெளியில் இருக்கலாம் என்று சொல்லிவிடுகிறார். மாட்டிக்கொள்வதைவிட, வேறொருவனுக்குப் பெயர் போவது அவருக்கு வலிக்கிறது.

நம் கதையில் இது மகள் கல்யாணத்தன்று, அதே வீட்டில். வளவில் பந்தி நடக்கிறது. சின்னச் சகலை, போலித் தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டே:

“அந்தக் காலத்து ஆசாரி கைன்னா கைதாண்ணே. இப்ப எவன் செய்வான்?”

“ஏன், செய்ய ஆள் இல்லாமலா போச்சு?”

“போங்கண்ணே, நீங்க வேற.”

“விரலை மடக்கித் தட்டிப் பாருங்க. அப்புறம் அடுத்த தூணைத் தட்டுங்க.”

சாம்பார் வாளியோடு வந்த பையன் அப்படியே நின்றுவிடுகிறான், இலையில் உட்கார்ந்திருப்பவர் “தம்பி, சாம்பார்” என்று கேட்டும் காதில் விழவில்லை. இங்கே வெட்டிவிடுங்கள். சகலை தட்டினாரா என்பது அடுத்த எபிசோடுக்கு.

படி 6: மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள்

கடைசி எபிசோடில் வால்ட்டர் ஸ்கைலரிடம், இதெல்லாம் எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்று ஒத்துக்கொள்கிறார். அழுது காலில் விழவில்லை, சாக்கை மட்டும் கீழே வைக்கிறார். நம் ஆளையும் மனைவி முன்னால் அந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும், போலீஸ் ஜீப்பெல்லாம் உங்கள் பட்ஜெட்டைப் பொறுத்தது.

எழுத உட்காரும்போது பந்திக் காட்சியிலிருந்து தொடங்குங்கள், முதல் எபிசோடிலிருந்து வேண்டாம். அந்தக் காட்சியில் வாத்தியார் ஏன் வாய் திறந்தார் என்று உங்களுக்கே தெரியவில்லையென்றால், திண்ணையில் அந்த நாலு பேர் யார் யார் என்பதை நீங்கள் இன்னும் முடிவுசெய்யவில்லை.