புகார் அளிக்கத் தயங்கும் பெண்ணுக்குத் துணை நிற்பது எப்படி?
பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் உங்களிடம் மனம் திறந்தால், ‘ஏன் அப்போதே சொல்லவில்லை?’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். தன்மீதே பழி சுமத்திக்கொள்ளும் மனமும், குடும்ப மானம் குறித்த அச்சமும், குற்றவாளி பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பதும்தான் அவரது வாயை அடைத்திருக்கும். பெயர் வெளியே வந்துவிடுமோ என அஞ்சினால், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்துக்குச் செல்லக் கூசினால், வேறெந்த நிலையத்திலும் புகார் அளிக்கலாம். அதைப் பெண் அதிகாரியே பதிவுசெய்ய வேண்டும். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதி அனுப்பலாம். புகார் அளிக்க எப்போது செல்வது என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். அவசரப்படுத்துவதும் ஒருவகை வற்புறுத்தலே. ஆனால், அவர் 18 வயது நிறையாதவராயின், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை.