பேத்தி ஸ்கீ ஜம்பிங் போறாளா? போட்டியா, சும்மா விளையாட்டா: முடிவெடுக்கும் முன்னால பார்க்க வேண்டியவை

எங்க மார்த்தாண்டம், தக்கலை பக்கம் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டில் இருப்பாள். முன்பு குவைத், சவுதி. இப்போது ஜெர்மனி, நார்வே. பேரப்பிள்ளைகள் அங்கே ஸ்கீ என்ற நீளப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, பனிச்சரிவில் வழுக்கி வந்து விளிம்பிலிருந்து காற்றில் பறக்கிறார்கள் (அதுதான் ஸ்கீ ஜம்பிங், யார் அதிக தூரம் தாண்டுகிறார் என்பதுதான் கணக்கு), நாம் இங்கே செல்போனைப் பார்த்து "யம்மாடி!" என்று நெஞ்சைப் பிடிக்கிறோம். என் மகளும் நார்வேயில்தான். பேத்திக்கு ஒன்பது வயது. நான் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், "பிள்ளையைப் போட்டிக்கு விடலாமா டீச்சர்?" என்று பலரும் கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் நீங்கள் பார்க்கிற பெரிய மலை பிள்ளைகளுக்கு இல்லை. 10 மீட்டர், 15 மீட்டர், 20 மீட்டர் என்று குட்டி மலைகள் உண்டு (இது தாண்டுகிற தூரக் கணக்கு, மலையின் உயரம் இல்லை). குழித்துறை ஆற்றுப் படித்துறையில் நம்ம பிள்ளைகள் கீழ்ப்படியில் குதித்துப் பழகி, பிறகு ஒவ்வொரு படியாக மேலே ஏறுவார்களே, அப்படித்தான். பெரிய மலையில்கூட ஆள் சரிவை ஒட்டியே பறக்கிறார், தரையிலிருந்து சில மீட்டர் உயரம்தான். கேமரா கோணம் நம்மை ஏமாற்றும்.

அடுத்ததுதான் முக்கியம். "போட்டி வேண்டாம், பொழுதுபோக்காகத் தாண்டட்டும்" என்று சொல்வதற்கு முன் இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சாதாரண ஸ்கீயிங் என்றால் டிக்கெட் எடுத்து ஏறி இறங்கிவிட்டு வரலாம். இதில் அப்படி முடியாது. ஒருவர் தாண்டுவதற்கு வழித்தடம் வெட்ட வேண்டும், இறங்கும் சரிவில் பனியை அமுக்க வேண்டும், பயிற்சியாளர் நின்று கொடி காட்ட வேண்டும். இதையெல்லாம் செய்வது கிளப். என் மருமகன் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு பனி தள்ளப் போகிறார், சம்பளம் ஒன்றும் இல்லை. அந்தக் கிளப்புகள் பெரும்பாலும் உயிரோடு இருப்பதே போட்டிகளை நம்பித்தான். அதனால் ஜெயிக்கிற எண்ணமே இல்லாத பிள்ளையும் மார்பில் எண் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும். அதைப் பார்த்து, "அய்யோ, இப்பவே பந்தயத்தில் இறக்கிட்டாளே" என்று மகளைத் திட்டாதீர்கள்.

நார்வேயில் பிள்ளைகள் விளையாட்டுக்கு 1987இலேயே விதி போட்டிருக்கிறார்கள். 11 வயதுக்கு முன் தரப்பட்டியல் கிடையாது. பரிசு கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். சாம்பியன்ஷிப் எல்லாம் 13 வயதிலிருந்துதான். எங்க வீட்டுக்காரருக்கு இது புரியவே மாட்டேன் என்கிறது. அங்கே மதியம் இரண்டு மணிக்குப் போட்டி முடியும், இங்கே மாலை ஆறரை. போன் வந்ததும் ஸ்பீக்கரைப் போட்டு, "மக்களே, எத்தனாவது வந்தே?" என்பார். அவள் "தெரியாது பாட்டா" என்பாள். கடைசியாக வந்ததை மறைக்கிறாள் என்று இவர் முகம் வாடிவிடும்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். "எந்த மலையில தாண்டினே? எத்தனை மீட்டர்? இறங்கும்போது கால் எப்படி வச்சே?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை எழுந்து நின்று ஒரு காலை முன்னே வைத்து, முழங்கால் மடக்கி, இரண்டு கையும் விரித்துக் காட்டும். அதற்கு டெலிமார்க் என்று பேர், மார்க் அதற்கும் உண்டு. அப்படிக் காட்டும்போது அவள் முகத்தைப் பாருங்கள். போட்டிக்கு விடலாமா என்பதற்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

கொஞ்சம் பெரியவளாகி மார்க் வர ஆரம்பித்தால் அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் இறங்கும் சரிவில் கே-புள்ளி என்று ஒரு தூரக் குறி உண்டு, அதைத் தொட்டால் 60 மார்க். 90 மீட்டர் கே-புள்ளி உள்ள மலையில் ஒரு மீட்டருக்கு 2 மார்க் கூடும் அல்லது குறையும். 95 மீட்டர் தாண்டினால் 70. ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20 வரை போடுவார்கள், அதில் கூடினது ஒன்றும் குறைந்தது ஒன்றும் தள்ளுபடி. பெரிய போட்டிகளில் காற்றுக்கும் கூட்டிக் கழிப்பார்கள். அதாவது, தன் வாழ்நாளிலேயே அதிக தூரம் தாண்டிய அன்றும் பிள்ளை இருபதாவது வரலாம். அன்று ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்க மகளிடம் சொல்லுங்கள்.

நம்ம ஊர்க்காரர்களை நான் குறை சொல்லவில்லை. முதல் மூன்று இடத்துக்காக நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கத்துகிற அப்பாவுக்கு நியாயம் இருக்கிறது. சர்டிபிகேட் இருந்தால் கல்லூரியில் சீட்டு, அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு. ஸ்கீ ஜம்பிங் மலைக்குக் கீழே அப்படி எந்த ஒதுக்கீடும் காத்திருக்கவில்லை. அப்புறம் ஏன் அந்த அவசரத்தை அங்கே ஏற்றுமதி செய்ய வேண்டும்?

ஆனால் "பொம்பளப்பிள்ளைக்குப் போட்டி எதுக்கு, விளையாடினா போதும்" என்று மட்டும் யாரும் என்னிடம் வராதீர்கள். ஆண்கள் 1924 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் தாண்டுகிறார்கள். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் இடம் கேட்டுப் பெண்கள் கோர்ட்டுக்கே போய்த் தோற்றார்கள். 2014இல் சோச்சியில்தான் கதவு திறந்தது, முதல் தங்கம் ஜெர்மனியின் கரீனா ஃபோக்ட்டுக்கு. பிள்ளை தானாகவே போட்டி வேண்டாம் என்றால் சரி. பெண் என்பதற்காக நாம் வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

எடை விஷயத்தில் மட்டும் நான் கறார். எடை குறைந்தால் தூரம் கூடும் என்பது இந்த விளையாட்டின் சாபம். வீரர்கள் பட்டினி கிடந்ததால்தான் 2004இல் விதியை இறுக்கினார்கள்: உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாவிட்டால் ஸ்கீயின் நீளத்தைக் குறைத்துவிடுவார்கள், குட்டை ஸ்கீ காற்றில் அவ்வளவாகத் தாங்காது. இது பெரியவர்கள் போட்டிக்கு. வீட்டுக்கு நான் போட்ட விதி வேறு: வீடியோ காலில் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. "மெலிஞ்சு போச்சே", "கன்னம் வச்சிருக்கே" இரண்டுமே கூடாது. நமக்கு அது பாசம், அந்தப் பிள்ளை காதில் அது மீட்டர் கணக்காக விழும். நேந்திரங்காய் சிப்ஸ் அனுப்பினால் அனுப்பிவிட்டுச் சும்மா இருங்கள், தின்றாளா என்று விசாரிக்காதீர்கள். சாப்பாட்டைத் தட்டில் ஒதுக்குகிறாள், போட்டிக்கு முந்தின ராத்திரி பசிக்கவில்லை என்கிறாள் என்று மகள் சொன்னால், அந்த சீசன் போட்டியை நிறுத்துங்கள். மலைக்குப் போவதை நிறுத்த வேண்டாம்.

பதின்மூன்று வயதுக்கு மேல் பிள்ளை தானாகவே போட்டி கேட்டால் விடுங்கள், ஆனால் தூக்கத்தையும் சிரிப்பையும் கவனியுங்கள். ஸ்வென் ஹன்னாவால்ட் என்ற ஜெர்மானியர் 2001-02இல், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வருடாவருடம் நடக்கும் நான்கு மலைத் தொடரின் நான்கு போட்டிகளையும் ஒரே சீசனில் வென்ற முதல் ஆள். 2004இல் மனமும் உடம்பும் ஓய்ந்துபோய்ச் சிகிச்சைக்குப் போனார், அடுத்த வருடம் விளையாட்டையே விட்டார். மறுபக்கம் ஜப்பானின் நோரியாக்கி கசாய், 1972இல் பிறந்தவர், ஐம்பது கடந்தும் தாண்டிக்கொண்டிருக்கிறார். அதே நாட்டு ரியோயு கோபயாஷி 2024இல் ஐஸ்லாந்தில் 291 மீட்டர் பறந்தார். போட்டியில் பறக்காததால் அது உலக சாதனைக் கணக்கில் ஏறவில்லை.

இடையில் விடுகிறேன் என்று பிள்ளை சொன்னால் ஏன் என்று ஒரு தடவை கேட்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பயமா, குளிரா, கூட வந்த தோழி நின்றுவிட்டாளா என்று தெரிந்தால் போதும். பயம் என்றால் ஒரு படி சின்ன மலைக்கு இறக்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் மகளைப் பேசச் சொல்லுங்கள். மலை உச்சியில் புறப்படுமுன் உட்காரும் கம்பியிலிருந்து தாண்டாமல் எழுந்து வந்துவிடலாம், பயிற்சியில் அதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று பிள்ளைக்குத் தெரிகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தோழி நின்றதுதான் காரணம் என்றால், அடுத்த வாரம் அந்தத் தோழியையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.