டெல்டாவின் உவர்நீரை அறிய கியூஜிஐஎஸ்ஸில் மின்தடைக் கருவிகளைச் சேர்த்தல்

நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதிகளின் நிலத்தடியில் உவர்நீர் எதுவரை ஏறியிருக்கிறது என்பதை மின்தடை அளவீட்டால் அறிய விரும்புவோர், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் 'பிளகின்ஸ்' பட்டியிலுள்ள 'மேனேஜ் அண்ட் இன்ஸ்டால் பிளகின்ஸ்' வழியாகத் தேவையான செருகுநிரலை (மென்பொருளுக்குக் கூடுதல் வசதி தரும் துணைநிரல்) நிறுவலாம். ஜிப் கோப்பாக இருந்தால் அதே சாளரத்தில் 'இன்ஸ்டால் ஃப்ரம் ஜிப்' போதும். இடங்களை எண்களால் குறிக்கும் ஆயத்தொலை முறையை இபிஎஸ்ஜி 32644 என்ற குறியீட்டு எண்ணுக்கு அமைத்துவிடுங்கள். டெல்டா, அந்த எண் குறிக்கும் யுடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்குள் அடங்குவதால் தூரங்கள் மீட்டரிலேயே கிடைக்கும்.

நான்கு மின்முனைகளைச் சம இடைவெளியில் நட்டு அளக்கும் வென்னர் முறையில் எடுத்த அளவுகளுக்குச் செருகுநிரலே தேவையில்லை என்பது என் கருத்து. சிஎஸ்வி கோப்பை ஏற்றி, ஜியோபேக்கேஜ் என்ற வரைபடத் தரவுக் கோப்பாகச் சேமித்துக்கொண்டு, 'ஃபீல்ட் கால்குலேட்டரில்' 2, பை, மின்முனை இடைவெளி, அளந்த மின்தடை ஆகிய நான்கையும் பெருக்கினால் தோற்ற மின்தடை எண் (நிலத்தடி அடுக்குகள் எல்லாம் சேர்ந்து காட்டும் மின்தடைத்தன்மை) ஓம்-மீட்டரில் வந்துவிடும். இடைவெளி 10 மீட்டர், மின்தடை 0.1 ஓம் என்றால் விடை ஏறத்தாழ 6.3, புதிய புலத்தின் வகையை 'டெசிமல்' எனத் தேர்ந்தெடுக்காவிட்டால் பின்னம் உதிர்ந்து 6 மட்டுமே மிஞ்சும்.

உவர்நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் இந்த எண் குறையும்; ஆனால் குறைந்த எண்ணைக் கண்டதும் உவர்நீர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வண்டல் படிந்த நம் மண்ணில் களிமண் படுகையும் இதேபோல் குறைந்த எண்ணையே காட்டும் என்பதால், அருகிலுள்ள போர்வெல் நீரின் மின்கடத்துதிறனை இன்னோர் அடுக்காகச் சேர்த்து ஒப்பிட்ட பிறகே புள்ளிகளுக்கு வண்ணம் தீட்டுங்கள்.